தட்டும் முப்பத்திரண்டு கம்பிகளும்: ஒரு தரை ரேடியல் தொகுப்பின் மதிப்புரை

கால் அலைநீளச் செங்குத்து ஆண்டெனாவின் அடியில் பொருத்துவதற்கென்று ஆயத்த நிலையில் விற்கப்படும் தரை ரேடியல் தொகுப்பு ஒன்றை, அதாவது ஆண்டெனாவின் அடியிலிருந்து எல்லாத் திசைகளிலும் நிலத்தில் விரிக்கும் கம்பிகளின் தொகுப்பை, 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பயன்படுத்திப் பார்த்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஏறத்தாழ இதே வடிவத்தில் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. பொருளின் அமைப்பை விவரித்தாலே எந்த வகையைச் சொல்கிறேன் என்பது அமெச்சூர் வானொலி நிலையம் நடத்துபவர்களுக்கு விளங்கிவிடும்.

தொகுப்பின் நடுநாயகம் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு. ஆண்டெனாவைத் தாங்கும் குழாயை இரண்டு யு வடிவ போல்ட்டுகளால் கவ்விக்கொள்ளும்படி அதன் நடுவில் வெட்டு இருக்கிறது. கோஆக்சியல் கேபிளின் இணைப்பானுக்கு ஒரு துளையும், விளிம்பைச் சுற்றி ரேடியல் கம்பிகளை முடுக்குவதற்கு வரிசையாகத் துளைகளும் இருக்கின்றன. இதனுடன் கம்பிப் பொதி இரண்டு வகைகளில் கிடைக்கிறது. ஒன்றில் 10 மீட்டர் நீளமுள்ள 16 கம்பிகள். மற்றொன்றில் 5 மீட்டர் நீளமுள்ள 32 கம்பிகள். இரண்டிலும் மொத்தச் செம்பு ஒன்றுதான், 160 மீட்டர். நான் வாங்கியது இரண்டாவது பொதியை. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதுதான் இந்தப் பொருளைப் பற்றிப் பேசுவதற்கான சரியான நுழைவாயில்.

செங்குத்து ஆண்டெனாவின் கம்பத்தில் மேலேறும் மின்னோட்டம் எங்கோ திரும்பி வந்தாக வேண்டும். கம்பத்திலிருந்து புறப்படும் மின்புலக் கோடுகள் சுற்றியுள்ள நிலத்தில் வந்து முடிகின்றன. அங்கிருந்து மின்னோட்டம் நிலத்தின் வழியாகவே அடிப்பகுதியை நோக்கித் திரும்புகிறது. நிலம் செம்பாக இருந்தால் தொல்லையில்லை. சராசரி மண்ணின் கடத்துதிறனாகக் கையேடுகள் எடுத்துக்கொள்வது மீட்டருக்கு 0.005 சீமன்ஸ், கடல்நீரின் கடத்துதிறன் அதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. 7 மெகாஹெர்ட்ஸில் கடல்நீருக்குள் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே மின்னோட்டம் வெகுவாகத் தேய்ந்துவிடுகிறது. சாதாரண மண்ணிலோ அது சில மீட்டர் ஆழம் வரை இறங்கி, போகும் வழியெல்லாம் மண்ணைச் சூடாக்குகிறது. அந்தச் சூடு நம்முடைய டிரான்ஸ்மிட்டர் கொடுத்த திறன். திரும்பி வரும் மின்னோட்டம் எல்லாத் திசைகளிலிருந்தும் அடிப்பகுதியில் வந்து குவிவதால் அங்கேதான் அடர்த்தி மிகுதி, அங்கேதான் இழப்பும் மிகுதி. ரேடியல் கம்பிகள் அந்த மின்னோட்டத்துக்கு மண்ணைவிட எளிதான பாதையைக் கொடுக்கின்றன. அவற்றின் வேலை இவ்வளவே.

முழுமையான தரைக்கு மேல் நிற்கும் கால் அலைநீளக் கம்பத்தின் கதிர்வீச்சுத் தடை ஏறத்தாழ 36 ஓம். மண்ணில் ஏற்படும் இழப்பு இந்தத் தடையுடன் தொடராகச் சேர்ந்த இன்னொரு தடையாக ஊட்டுமுனையில், அதாவது கேபிள் ஆண்டெனாவோடு சேரும் இடத்தில், தென்படுகிறது. ஒத்ததிர்வில், அதாவது ஆண்டெனா இயல்பாக இசைந்து அதிரும் அதிர்வெண்ணில், அளக்கும்போது 60 ஓம் காட்டினால் அதில் 36 ஓம் வானுக்கு, 24 ஓம் மண்ணுக்கு என்று கொள்ளலாம். ரேடியல்களைச் சேர்க்கும்போது கதிர்வீச்சுத் தடையும் சிறிது மாறுவதால் இந்தக் கணக்கு முழுத் துல்லியமானதன்று. ஆனாலும் ஒரு தொகுப்பு உண்மையில் என்ன செய்கிறது என்பதைக் கையிலுள்ள சிறிய ஆண்டெனா அனலைசரைக் கொண்டே மதிப்பிடுவதற்கு இதைவிட நேரான வழி இல்லை.

இங்கேதான் தொகுப்புடன் வரும் கையேட்டின் மீது எனக்குக் கடுமையான மாற்றுக்கருத்து உண்டு. எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது கேபிளும் ஆண்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் காட்டும் விகிதம், 1:1-ஐ நெருங்கும் வரை கம்பிகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம், அதற்குமேல் தேவையில்லை என்று அது சொல்கிறது. இதைப் பின்பற்றுகிறவர் பணம் கொடுத்து வாங்கிய கம்பிகளில் பெரும்பகுதியைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார். என் நிலத்தில் நான்கு கம்பிகளை மட்டும் விரித்தபோது ஒத்ததிர்வில் ஊட்டுமுனைத் தடை 62 ஓம் அளவில் இருந்தது. எட்டுக் கம்பிகளில் அது 53 ஆகவும், பதினாறில் 45 ஆகவும், முப்பத்திரண்டில் 40 ஆகவும் இறங்கியது. 50 ஓம் கேபிளில் இவற்றுக்குரிய எஸ்.டபிள்யூ.ஆர். என்ன என்று பாருங்கள். நான்கு கம்பிகளுக்கு 1.24, எட்டுக்கு 1.06, பதினாறுக்கு 1.11, முப்பத்திரண்டுக்கு 1.25. அதாவது மிக மோசமான தரையும் மிக நல்ல தரையும் மீட்டரில் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டின. மேலே சொன்ன கணக்கின்படி முதலாவதில் கொடுத்த திறனில் 58 சதவீதமும், கடைசியில் 90 சதவீதமும் கதிர்வீச்சாகின்றன. கையேடு "நிறுத்தலாம்" என்று சொல்லும் எட்டாவது கம்பியில் அது 68 சதவீதம்தான். எஸ்.டபிள்யூ.ஆர். 1.06-இலிருந்து 1.25-க்கு ஏறுவதைக் கண்டு, எதையோ கெடுத்துவிட்டோம் என்று கம்பிகளைக் கழற்றிவிடும் புதியவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் பார்க்க வேண்டிய எண் தடை. அது 36-ஐ நோக்கி இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. முழுமையான தரையிலும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.4 அளவில்தான் நிற்கும். அந்த அளவால் சாதாரண நீளமுள்ள கேபிளில் ஏற்படும் கூடுதல் இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று.

இன்னொரு அறிகுறியும் உண்டு. இழப்பு குறையக் குறைய ஆண்டெனாவின் பட்டை அகலம் சுருங்கும். நான்கு கம்பிகளோடு பட்டை முழுவதும் தட்டையாகக் கிடந்த எஸ்.டபிள்யூ.ஆர். வளைவு, முப்பத்திரண்டில் தெளிவான பள்ளமாக மாறியது. அகன்ற பட்டையைச் சிறப்பென்று விளம்பரப்படுத்தும் செங்குத்து ஆண்டெனாக்களை வாங்குமுன் இதை மனத்தில் கொள்வது நல்லது.

இரண்டு பொதிகளில் எது சிறந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். ரேடியல் என்றாலே கால் அலைநீளம் என்று பலருடைய மனத்தில் பதிந்திருக்கிறது. அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1937-இல் பிரௌன், லூயிஸ், எப்ஸ்டீன் ஆகிய மூன்று பொறியாளர்கள், 3 மெகாஹெர்ட்ஸில், 2 முதல் 113 வரை கம்பிகளைப் புதைத்துச் செய்த அளவீடுகள், ரேடியல்களின் எண்ணிக்கையும் நீளமும் புல வலிமையை எப்படி மாற்றுகின்றன என்பதை முறையாகக் காட்டின. மத்திய அலை ஒலிபரப்புக் கோபுரங்களுக்கு அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் இன்றும் வைத்திருக்கும் விதி, கால் அலைநீளத்துக்குக் குறையாத கம்பிகள் குறைந்தது 90 வேண்டும் என்றும், மூன்று பாகை இடைவெளியில் 0.35 முதல் 0.4 அலைநீளமுள்ள 120 கம்பிகள் மிகச் சிறந்தவை என்றும் சொல்கிறது. ஆனால் அந்த நீளம் அந்த எண்ணிக்கையோடு சேர்ந்தே பொருள்படுகிறது. எண்ணிக்கையை நான்காகவோ எட்டாகவோ குறைத்துவிட்டு நீளத்தை மட்டும் பிடித்துக்கொள்வதில் பயனில்லை. நீண்ட கம்பிகளின் நுனிகளுக்கு இடையே அகன்று கிடக்கும் மண்ணில் மின்னோட்டம் பழையபடி மண் வழியாகவே போகும்.

அமெச்சூர் வானொலிக் கையேடுகளில் நெடுங்காலமாக அச்சாகிவரும் ஓர் அட்டவணை இதைச் சீராகக் காட்டுகிறது. 0.1 அலைநீளத்துக்கு 16 கம்பிகள், 0.125-க்கு 24, 0.15-க்கு 36, 0.2-க்கு 60, 0.25-க்கு 90 என்று நீளமும் எண்ணிக்கையும் கைகோத்து உயர்கின்றன. ஊட்டுமுனைத் தடை 52 ஓமில் தொடங்கி 37-க்கு இறங்குகிறது. கையில் 160 மீட்டர் கம்பி இருந்தால், அதாவது 7 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ நான்கு அலைநீளம் இருந்தால், இந்த அட்டவணையின் போக்கில் அதை முப்பது கம்பிகளாக, ஒவ்வொன்றும் அலைநீளத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நீளமாக வெட்டுவதே பொருத்தம். 32 கம்பிகள் உள்ள பொதி இதற்கு மிக அருகில் நிற்கிறது. நண்பர் ஒருவரிடமிருந்து நீண்ட பொதியை இரவல் வாங்கி அதே தட்டில் பொருத்திப் பார்த்தேன். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தது, ஆனால் பெரிதன்று. காற்றில் யாரும் கேட்டுணரக்கூடிய அளவில் இல்லை. எனவே நீண்ட பொதியை ஏற்கெனவே வாங்கியவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் குறும்பொதியைப் பரிந்துரைப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது: ஐந்து மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்கு இடம் கிடைப்பது எளிது, பத்து மீட்டர் ஆரம் பெரும்பாலானவர்களின் நிலத்தில் சுவரிலோ மரத்திலோ முட்டிக்கொள்ளும்.

கையேட்டில் உள்ள இரண்டாவது பிழை நீளம் பற்றியது. ஒவ்வொரு கம்பியையும் வாய்ப்பாட்டின்படி கால் அலைநீளத்துக்குத் துல்லியமாக வெட்ட வேண்டும் என்று நீண்ட பொதிக்கான பக்கத்தில் அறிவுறுத்துகிறது. தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயர்த்திக் கட்டும் ரேடியல்களுக்கு அது பொருந்தும்; அவை ஒத்ததிர்வில் இருக்க வேண்டும், நான்கே போதும், நன்றாக அமைத்தால் தரையில் கிடக்கும் பல டஜன் கம்பிகளுக்கு இணையாக உழைக்கும். மண்ணின் மேல் கிடக்கும் கம்பியிலோ அலையின் வேகம் குறைந்துவிடுகிறது. வெளியில் கால் அலைநீளமாக இருப்பது மண்ணில் மின்னியல் முறைப்படி அதைவிட நீளமாகிவிடும். கம்பிகள் நான்கைந்து மட்டுமே இருக்கும் நிலையில், இந்தக் கூடுதல் நீளம் மின்னோட்டத்தின் உச்சத்தை அடிப்பகுதியிலிருந்து வெளியே தள்ளி இழப்பைக் கூட்டுவதும் உண்டு. அப்போது கம்பியைச் சற்று குறைத்தால் வலிமை கூடும். கம்பிகள் பதினாறைத் தாண்டிய பிறகு நீளத்தின் துல்லியம் பொருட்டில்லை. ஒன்றிரண்டு கம்பிகள் வளைந்து போனாலும், குட்டையானாலும் அனலைசரில் மாற்றம் தெரிவதில்லை. இதே தட்டை உயர்த்திக் கட்டும் ரேடியல்களுக்கும் பயன்படுத்தலாம் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை நான் ஏற்கவில்லை. அந்த அமைப்பில் ரேடியல்களின் மையம் தரையோடும் தாங்குகுழாயோடும் தொடர்பின்றி இருக்க வேண்டும். இந்தத் தட்டோ குழாயைக் கவ்விக்கொண்டே நிற்கிறது.

மூன்றாவதாக, "தாழ்ந்த கோணக் கதிர்வீச்சு" என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ரேடியல்கள் கோணத்தைத் தாழ்த்துவதில்லை. அவற்றின் ஆட்சி ஆண்டெனாவிலிருந்து கால் அல்லது அரை அலைநீளத் தொலைவோடு முடிந்துவிடுகிறது. தொடுவானத்தை ஒட்டிய கோணங்களில் எவ்வளவு வலிமை கிடைக்கும் என்பதை முடிவுசெய்வது அதற்கு அப்பால், பல அலைநீளத் தொலைவு வரை பரந்து கிடக்கும் நிலம். அங்கே பட்டுத் தெறிக்கும் அலை நேரடி அலையோடு எப்படிச் சேர்கிறது என்பதே காரணம். சராசரி மண்ணில் 7 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழே இந்தச் சேர்க்கை நமக்கு எதிராக வேலை செய்கிறது. உப்புநீர்க் கரையில் நிறுத்திய செங்குத்து ஆண்டெனாக்கள் வியக்கத்தக்க தொலைவுகளை எட்டுவதற்கு இதுவே காரணம். அதை எந்தக் கம்பிப் பொதியாலும் விலைக்கு வாங்க முடியாது. ரேடியல்களைச் சேர்த்தால் எல்லாக் கோணங்களிலும் ஒரே விகிதத்தில் வலிமை கூடுகிறது. 62 ஓமிலிருந்து 40-க்கு வந்ததன் பொருள் ஏறத்தாழ 1.9 டெசிபல், கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றினாலும், இரைச்சலின் விளிம்பில் நிற்கும் ஒரு குறியீட்டை எழுத்தெழுத்தாகப் படிக்க முடிவதும் முடியாமற்போவதும் அந்த அளவில்தான் தீர்மானமாகிறது. 100 வாட் டிரான்ஸ்மிட்டரை 155 வாட்டாக உயர்த்துவதற்கு இது சமம்.

பொருளின் தரத்துக்கு வருவோம். தட்டு திடமானது, விளிம்புகள் மழுக்கப்பட்டிருக்கின்றன, கையை வெட்டுவதில்லை. போல்ட், நட், பல்வாஷர் அனைத்தும் ஸ்டெயின்லெஸ். கம்பி நுனியில் பொருத்தியிருக்கும் வளைய முனைகளான லக்குகளைத் துளைக்கு இரண்டு வீதம் முதுகுக்கு முதுகாக வைத்து முடுக்க இடம் இருக்கிறது. ஆனால் தாங்குகுழாயின் இருபுறமும் உள்ள துளைகளில் ஸ்பேனரைச் சுழற்ற இடமே இல்லை. அந்தத் துளைகளில் கம்பிகளை முதலில் முடுக்கிவிட்டுப் பிறகு தட்டைக் குழாயில் ஏற்றுவதுதான் வழி. கையேடு இதற்கு நேர்மாறான வரிசையைச் சொல்கிறது. லக்குகள் கிரிம்ப் செய்யப்பட்டதோடு ஈயம் வைத்தும் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன, அதன்மேல் சுருங்கு குழலும் போட்டிருக்கிறார்கள். இது மிகவும் நல்ல வேலை. இந்த விலைப்பிரிவில் இதைப் பலர் செய்வதில்லை.

குறை கம்பியின் மறுநுனியில் இருக்கிறது. அங்கே காப்புறையை வெட்டியபடியே திறந்து விட்டிருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து ஒரு கம்பியின் நுனியைச் சீவிப் பார்த்தபோது, பல இழைகளால் ஆன செம்பு காப்புறைக்குள்ளேயே விரல் நீளத்துக்குக் கறுத்திருந்தது. இழைகளின் இடுக்குகள் ஈரத்தை உள்ளே இழுத்திருக்கின்றன. நுனியில் மின்னோட்டம் குறைவு என்பதால் இதனால் இப்போதைக்குப் பாதிப்பில்லை, ஆனாலும் புதைக்கும் முன் ஒவ்வொரு நுனியையும் பசையுள்ள சுருங்கு குழலால் மூடிவிடுவது ஆயுளைக் கூட்டும். காப்புறை இருப்பதால் ரேடியல் வேலை செய்யாது என்று சிலர் கருதுவதுண்டு. மின்னோட்டம் காப்புறையைத் தாண்டிப் புலத்தின் வழியே சேர்வதால் காப்புறையுள்ள கம்பியும் வெற்றுக் கம்பியும் ஒன்றுபோலவே உழைக்கும். மண்ணின் அரிப்பைத் தாங்குவதில் காப்புறையுள்ளதே மேல்.

உடனடியாக மாற்ற வேண்டிய உறுப்பு ஒன்று உண்டு. தட்டையும் ஆண்டெனாவைத் தாங்கும் அலுமினியக் குழாயையும் இணைக்கக் கொடுத்திருக்கும் பின்னல் பட்டை வெறும் செம்பு. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வெள்ளீயம் பூசிய பட்டையை வாங்கி, இடையில் ஸ்டெயின்லெஸ் வாஷரை வைத்து முடுக்கினேன். கம்பிகளையெல்லாம் இவ்வளவு அக்கறையோடு செய்தவர்கள், இந்த ஒரு இடத்தில் இப்படி விட்டது புரியவில்லை.

விரிப்பதில் சிரமம் இல்லை. புல்வெளியில் பள்ளம் தோண்டத் தேவையே இல்லை. புல்லைக் குட்டையாக வெட்டிவிட்டுக் கம்பிகளை மேலேயே விரித்து, தொகுப்போடு வரும் யு வடிவ எஃகு ஊசிகளால் அறைந்துவிட்டால் சில வாரங்களில் புல்லே அவற்றை மூடிக்கொள்கிறது. ஆழப் புதைப்பதால் கதிர்வீச்சில் நன்மை எதுவும் இல்லை. தட்டோடு சேர்த்து நிலத்தில் ஒரு செம்புக் கோலை அறையச் சொல்வதும் சரிதான், ஆனால் அது மின்னலுக்கும் பாதுகாப்புக்கும் உரிய ஏற்பாடு. உயர் அதிர்வெண் மின்னோட்டத்துக்கு ஒற்றைக் கோல் தரையாக ஆகாது. எத்தனை அடி ஆழம் போனாலும் ரேடியலுக்கு மாற்றாகாது.

தொகுப்பில் இல்லாத, ஆனால் இருந்திருக்க வேண்டிய பொருள், கேபிளின் வெளியுறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஃபெரைட் சோக். ரேடியல்கள் குறைவாக இருக்கும்போது கோஆக்சியல் கேபிளின் வெளியுறையே இன்னொரு ரேடியலாக மாறிவிடுகிறது. நான்கு கம்பிகளோடு அளந்தபோது கேபிளைத் தரையிலிருந்து தூக்கினாலே அனலைசரின் எண் ஆடியது. முப்பத்திரண்டில் அந்த ஆட்டம் ஏறக்குறைய நின்றுவிட்டது, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. வீட்டிலுள்ள மின்கருவிகளின் இரைச்சல் அதே வெளியுறை வழியாக ஏறி ரிசீவருக்குள் வருவதையும் சோக் தடுக்கும்.

இதே கம்பத்தைச் சுருள் வைத்து 3.5 மெகாஹெர்ட்ஸில் இயக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே பத்து மீட்டர்க் கம்பம் எட்டில் ஒரு பங்கு அலைநீளம்தான். கதிர்வீச்சுத் தடை 6 அல்லது 7 ஓமுக்குச் சரிந்துவிடும். ஐந்து மீட்டர்க் கம்பிகள் அந்தப் பட்டைக்கு மிகக் குட்டை. தரையில் 10 ஓமும் சுருளில் 3 ஓமும் இழப்பு என்று வைத்துக்கொண்டால்கூட, கொடுத்த திறனில் மூன்றில் ஒரு பங்குதான் வெளியேறும். 7 மெகாஹெர்ட்ஸில் தாராளமாக இருக்கும் இதே தொகுப்பு அங்கே போதாது. அவர்கள் நீண்ட பொதியையும் குறும்பொதியையும் சேர்த்து வாங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக விரிப்பது நல்லது. தட்டில் அதற்குத் துளைகள் இருக்கின்றன, இரண்டு லக் முறையில் இடமும் போதும்.

7 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்குகிறவர்கள் கூடுதலாக இன்னொரு பொதிக்குப் போக வேண்டியதில்லை. 32-ஐ 64 ஆக்கினால் தடை 37 அளவுக்கு இறங்கக்கூடும்; அதன் பலன் மூன்றில் ஒரு டெசிபலுக்குச் சற்றே கூடுதல். அந்தப் பணத்தில் முதலில் வெள்ளீயம் பூசிய பட்டையையும், ஊட்டுமுனைக்கு ஒரு நல்ல ஃபெரைட் சோக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள்.